வணிகப் புள்ளியியல் வகுப்பின் வீடியோக்கள்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலம்?

வணிகவியலோ மேலாண்மையோ, எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புள்ளியியல் தாள் ஒன்று வந்து நிற்கும். விரும்பி எடுப்பவர்கள் கொஞ்சம், வேறு வழியில்லாமல் எடுப்பவர்களே மிச்சம். கணிதத்தில் கைதேர்ந்தவரும், கணிதத்தை எப்போதோ கைகழுவிவிட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு வரைக்கும் எப்படியோ ஓடிவிடும். மாதிரிப் பரவல் என்ற இடத்தில்தான் பலருக்குப் பிடி நழுவுகிறது. ஒரு மாதிரியிலிருந்து கிடைத்த சராசரிக்கே தனியாக ஒரு பரவல் உண்டு என்று ஆசிரியர் சொல்லும்போது, "எந்தச் சராசரி? எதற்குப் பரவல்?" என்று மாணவரின் மனம் நின்றுவிடும். ஆசிரியர் நிற்க மாட்டார். அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டவருக்கு, அடுத்து வரும் நம்பிக்கை இடைவெளியும் கருதுகோள் சோதனையும் வெறும் சூத்திரங்கள்தான்.

வகுப்பைப் பதிவுசெய்து இணையத்தில் போடுங்கள் என்ற கோரிக்கை இங்கிருந்து பிறக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாடத்தில், தவறிய இடத்துக்குத் திரும்பிப் போக முடிவது பெரிய வசதி. ஆனால் அப்படிப் போட்ட வீடியோ எதைச் சொல்லித்தரும், எதைச் சொல்லித்தராது, அதை யார் வரைக்கும் திறந்துவிடலாம் என்பதெல்லாம் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே யோசிக்க வேண்டியவை.

அறுபது ஆண்டுப் பழக்கம்

புள்ளியியல் ஆசிரியர் கேமரா முன் நின்றது இன்று நேற்றல்ல. 1961இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, ‘கான்டினென்டல் கிளாஸ்ரூம்’ என்ற அதிகாலை நிகழ்ச்சியில் நிகழ்தகவையும் புள்ளியியலையும் நடத்தியது. கற்பித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் மோஸ்டெல்லர். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அதைக் கிரெடிட் தரும் பாடமாகவே ஏற்றுக்கொண்டன. பார்ப்பது வீட்டில், தேர்வு எழுதுவது கல்லூரியில். இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நாம் பேசும் ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்த முக்கியமான சோதனை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸும் அவருடைய சகாக்களும், வகுப்பில் நடந்த விரிவுரைகளை எந்த அலங்காரமும் இல்லாமல் வீடியோ நாடாவில் பதிந்து, ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்த பொறியாளர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தனித்தனியே உட்கார்ந்து பார்க்கவில்லை. சிறு குழுவாகப் பார்த்தார்கள். கூடவே ஒரு துணையாளர் இருந்தார். அவர் அந்தத் துறையில் பெரிய நிபுணராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யாருக்காவது சந்தேகம் வந்தால் நாடாவை நிறுத்துவார்கள், பேசுவார்கள், பிறகு தொடர்வார்கள். 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, இப்படிப் படித்தவர்கள் வளாகத்தில் நேரில் படித்தவர்களுக்குச் சளைக்கவில்லை. அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசியதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கணிப்பு. பின்னால் வந்த எத்தனையோ இணைய வகுப்புத் திட்டங்கள் வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டன.

2001இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது எம்ஐடி, தன் பாடப் பொருள்களை உலகத்துக்கே இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரை யுனெஸ்கோ நடத்திய கூட்டம் ஒன்று முன்வைத்தது. படைப்பைப் பிறர் பகிர ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் அதே 2002இல் வந்தன. யூடியூப் 2005இல் தொடங்கியதும் பதிவைச் சேமித்துவைக்கும் செலவு, அனுப்பும் செலவு இரண்டும் ஆசிரியர் தலையிலிருந்து இறங்கின. 2012இல் இணையவழிப் பாடத் தளங்களான கோர்ஸெராவும் எட்எக்ஸும் வந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதுவரை கேமராவைத் திரும்பிப் பார்க்காத ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் பதிவாளர்களாகிவிட்டார்கள். அப்போது அவசரத்தில் எடுத்து எங்கெங்கோ ஏற்றிய வீடியோக்கள் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் அவற்றைப் பற்றியதுதான்.

பார்ப்பது எளிது, தேர்ந்தெடுப்பது கடினம்

ஒரு கணக்கை ஆசிரியர் படிப்படியாகப் போட்டுக்காட்டும் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பலன் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குத் தீர்த்துக்காட்டிய கணக்குகள் உதவும் என்று 1980களிலிருந்தே கற்றல் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. விரிவுரை வீடியோவை மாணவர்கள் ஒரே ஓட்டமாகப் பார்க்கிறார்கள். செய்முறை வீடியோவில் வேண்டிய இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அந்த 6 நிமிடக் கணக்கை இன்று எல்லோரும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். புள்ளியியல் ஆசிரியர் அப்படியே சொல்லிவிடக் கூடாது. அந்த மாதிரியில் இருந்தவர்கள் விருப்பத்தின் பேரில், எந்தக் கட்டாயமும் இல்லாமல் இணையத்தில் சேர்ந்தவர்கள். அடுத்த வாரம் தேர்வை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர் வேறு முழுமைத் தொகுதியை, அதாவது வேறு வகைக் கூட்டத்தைச் சேர்ந்தவர். தவிர, பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பது கற்றதன் அளவும் அல்ல. வீடியோவைத் துண்டு துண்டாகப் போடுவது நல்லதுதான். ஆனால் அதற்கு இந்த எண்ணைவிட நல்ல காரணம் வேறு உண்டு: துண்டாக இருந்தால் தேடி எடுக்கலாம்.

வீடியோவின் பெரிய ஆபத்து அது தரும் திருப்தி. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பதிந்தார்கள். ஒன்றில் பேசுபவர் தடங்கலில்லாமல், பார்வையாளரைப் பார்த்துப் பேசினார். இன்னொன்றில் குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறினார். முதல் வீடியோவைப் பார்த்தவர்கள் தங்களுக்கு அதிகம் புரிந்ததாக நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடப் புகழ்பெற்றது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வீடியோவை மறுபடி ஓடவிடுவது மறுவாசிப்பின் தம்பி. தேர்வுக்கு முந்தைய இரவில் இரண்டு மடங்கு வேகத்தில் எல்லா வகுப்புகளையும் பார்த்து முடிப்பவருக்கு வரும் தெம்பு, தேர்வு அறை வாசல் வரைக்கும்தான் கூட வரும். (வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை.)

இது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். வணிகப் புள்ளியியலுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இதை ஏனோ பலரும் பேசுவதில்லை. வீடியோவின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது.

‘வகுப்பு 14: இணைசேர்ந்த டி-சோதனை’ என்று ஒரு வீடியோ. அதைத் திறக்கும் மாணவருக்கு இனி வரும் கணக்கு எல்லாமே இணைசேர்ந்த டி-சோதனைதான் என்று முன்கூட்டியே தெரியும். ஆசிரியர் வித்தியாசங்களை எடுக்கிறார், அவற்றின் சராசரியைக் காண்கிறார், திட்டப் பிழையால் வகுக்கிறார். அடுத்த கணக்கிலும் அதே. மாணவரும் கூடவே போட்டுப் பார்க்கிறார், சரியாக வருகிறது. ஆனால் தேர்விலும் வேலையிலும் கேள்வி வேறு விதமாக வரும்: "பயிற்சிக்கு முன்னும் பின்னும் 12 விற்பனையாளர்களின் விற்பனை இதோ. பயிற்சியால் பலன் உண்டா?" ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்திருப்பதால் இது இணைசேர்ந்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதையே பயிற்சி பெற்ற 12 பேர், பெறாத 12 பேர் என்று மாற்றினால் சோதனையே மாறிவிடும். விற்பனைத் தொகைக்குப் பதில் ‘இலக்கை எட்டினாரா, இல்லையா’ என்று பதிந்திருந்தால் அதுவும் வேறு கதை. இந்தத் தாளில் உண்மையான கடினம் சூத்திரத்தில் இல்லை, எந்தச் சூத்திரம் என்று முடிவுசெய்வதில் இருக்கிறது. அத்தியாய வாரியாகப் பெயரிட்ட வீடியோ வரிசை அந்த ஒரு திறமையை மட்டும் மாணவரிடம் கேட்பதே இல்லை. கணக்குகளைக் கலைத்துப்போட்டுப் பயிற்சி தந்தால் பின்னால் வரும் சோதனையில் நன்றாகச் செய்கிறார்கள் என்று 2007இல் வெளியான ஒரு கணிதக் கற்றல் ஆய்வு காட்டியது. ஆனால் பயிற்சி நடக்கும்போது கலைத்துப் படித்தவர்களே அதிகம் திணறினார்கள்.

அதனால் என்ன செய்யலாம்? பாட வரிசைப்படி இருக்கும் வீடியோப் பட்டியல் இருக்கட்டும். அதோடு இன்னொரு பக்கம் வேண்டும். அதில் தலைப்பு எதுவும் இல்லாமல் கேள்விகள் மட்டும், கலந்த வரிசையில். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, அதே வகைக் கணக்கு எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்ற இணைப்பு மூடியபடி இருக்கலாம். முதலில் எந்தச் சோதனை என்று மாணவர் சொல்ல வேண்டும், பிறகுதான் இணைப்பைத் திறக்க வேண்டும். புதிதாக ஒரு நிமிட வீடியோகூட எடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் பதிவுகளுக்கு நிமிடக் குறிப்பு எழுதினால் போதும். ஒரு பருவத்தின் பதிவுகளுக்கு இதைச் செய்ய ஓரிரு வார இறுதிகள் போகும். புதிய கேமரா வாங்குவதைவிட இந்த உழைப்பு பயன் தரும் என்று அடித்துச் சொல்வேன்.

வீடியோவோடு கூடவே போக வேண்டிய இன்னொன்று தரவுக் கோப்பு. ஆசிரியர் திரையில் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து ரெக்ரஷன் (ஒரு அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) ஓட்டுகிறார் என்றால், அதே கோப்பு மாணவர் கையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் அதை வேடிக்கை மட்டுமே பார்க்க முடியும்.

யாருக்கெல்லாம் காட்டலாம்

இங்கே இரண்டு வகைப் பகிர்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவுசெய்த மாணவர்கள் மட்டும் மூடில் போன்ற கற்றல் தளத்தில் கடவுச்சொல் போட்டுப் பார்ப்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி யூடியூபில் போடுவது இன்னொன்று. முதலாவதில் சிக்கலில்லாத பல விஷயங்கள் இரண்டாவதில் சிக்கலாகிவிடும்.

முதலில் ஸ்லைடுகள். வணிகப் புள்ளியியல் ஆசிரியர்கள் பலர் பாடநூலோடு பதிப்பகம் தரும் ஸ்லைடுகளையே காட்டுகிறார்கள். பெரிய பதிப்பகங்கள் தம் பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியருக்கு ஸ்லைடு, விடைக் கையேடு, கேள்வி வங்கி எல்லாம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது வகுப்புப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். வகுப்பறைச் சுவருக்குள் அதை யாரும் கவனிப்பதில்லை. பொதுவெளியில் போட்டதும் அது மறுபதிப்பு ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 2002இல் வந்த டீச் சட்டம், கற்பித்தலுக்காகப் பிறர் படைப்பை இணையவழி காட்டச் சில சலுகைகள் தருகிறது. அதுவும் அந்தப் பாடத்தில் சேர்ந்த மாணவர்களுக்குக் காட்டுவதற்குத்தான், உலகத்துக்கு அல்ல. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் சொந்த ஸ்லைடு என்றால் தலைவலி இல்லை என்பது எங்கும் பொதுவானது. வகுப்பை எப்போதாவது பொதுவில் போடும் எண்ணம் இருந்தால், பருவம் தொடங்கும் முன்பே ஸ்லைடுகளைச் சொந்தமாகத் தயாரிப்பது உத்தமம். பதிந்த பிறகு வீடியோவிலிருந்து பதிப்பகத்தின் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவது நரக வேதனை.

அடுத்தது நிறுவனங்களின் தரவு. வணிகப் புள்ளியியலுக்கு உயிர் கொடுப்பவை நிஜமான தரவுகள்தான். ஒரு நிறுவனம் ஆசிரியரிடம் நம்பிக் கொடுத்த விற்பனைக் கணக்கு, ஊழியர் விடுப்புப் பட்டியல், வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு. இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு கதை இருக்கிறது. டி-பரவலை உலகுக்குத் தந்த வில்லியம் சீலி காசெட், டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்தவர். 1908இல் தன் கட்டுரையை ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் அனுமதிக்கவில்லை, தொழில் ரகசியம் வெளியே போகும் என்ற பயம். இன்றும் டி-சோதனை நடத்தும் ஒவ்வொரு வகுப்பும் அந்தப் புனைபெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நூறு ஆண்டு கடந்தும் நிறுவனங்களின் மனநிலை அப்படியொன்றும் மாறிவிடவில்லை. தரவு கொடுத்தவரிடம் வகுப்பில் காட்ட அனுமதி வாங்கியிருந்தால், அது பொதுவில் வீடியோவாகப் போட அனுமதி ஆகாது. தனியே கேட்க வேண்டும். இல்லையென்றால் அதே குணங்கள் கொண்ட செயற்கைத் தரவை உருவாக்கிப் பயன்படுத்தலாம். அரசுகள் வெளியிடும் திறந்த தரவும் நிறையவே இருக்கிறது.

மூன்றாவதாக மாணவர்களின் குரல். "எனக்கு இன்னும் புரியவில்லை, பி-மதிப்பு சின்னதாக இருந்தால் ஏன் நிராகரிக்கிறோம்?" என்று ஒருவர் கேட்கிறார், ஆசிரியர் பெயர் சொல்லிப் பதில் தருகிறார். வகுப்பின் மிகச் சிறந்த நிமிடங்கள் பெரும்பாலும் இவைதான். இவற்றைப் பொதுவில் போட்டால் கேட்டவர் பெயரும் அறியாமையும் என்றென்றைக்கும் தேடலில் அகப்படும். மாணவரை அடையாளம் காட்டும் பதிவு, அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டத்தின் கீழும் ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் கீழும் வரக்கூடும். சட்டம் கிடக்கட்டும். கேமரா ஓடுகிறது, வீடியோ ஊருக்கே போகிறது என்று தெரிந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அதுதான் பெரிய நஷ்டம். ஆசிரியர் சட்டை மைக்கில் மட்டும் பதிந்து, மாணவரின் கேள்வியைத் தானே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தரலாம். பின்வரிசைக்காரர்களுக்கும் கேள்வி காதில் விழும்.

பெர்க்லியில் நடந்தது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் பல ஆண்டுகளாகத் தன் விரிவுரைகளை இலவசமாக இணையத்தில் போட்டுவந்தது. அவற்றில் பலவற்றுக்குச் சரியான வசன வரிகள் இல்லை என்று செவித்திறன் குறைபாடு உள்ளோர் தரப்பில் புகார் எழுந்தது. 2016இல் அமெரிக்க நீதித்துறை, இது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. திருத்துவதற்குப் பதிலாக, 20,000க்கு மேற்பட்ட வீடியோ, ஒலிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. வளாகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. எடுப்பதற்குள் வெளியார் சிலர் அவற்றைப் படியெடுத்துவைத்தார்கள். 2022இல் நீதித்துறையோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, இணையத்தில் போடுபவற்றை எல்லோரும் அணுகும்படி செய்யப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

இந்தச் சம்பவத்தை வைத்து, "சட்டம் வந்ததால் இலவசக் கல்வி போயிற்று" என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காது கேளாத மாணவரும் அந்தப் ‘பொது’வில் ஒருவர்தானே. ஆரம்பத்திலேயே செய்திருந்தால் சிறு வேலையாக முடிந்திருக்கும், பத்தாண்டு சேர்த்துவைத்ததால் மலையாகிவிட்டது.

புள்ளியியலில் வசன வரிகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். யூடியூப் 2009இலேயே தானியங்கி வசன வரிகளைக் கொண்டுவந்துவிட்டது. இப்போது அவை எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் எக்ஸ்-பார், பி-ஹேட், மியூ, கை-ஸ்கொயர் போன்ற குறியீட்டுப் பெயர்களைப் பக்கத்தில் இருக்கும் சாதாரணச் சொற்களாக மாற்றிவிடும் வாய்ப்பு அதிகம். எழுத்து மாறினாலாவது மாணவர் ஊகித்துக்கொள்வார். எதிர்மறை விழுந்துபோனால் பிழைப்பு போயிற்று. ‘இன்மைக் கருதுகோளை (வித்தியாசமே இல்லை என்ற அனுமானத்தை) நிராகரிக்க இயலவில்லை’ என்பதற்கும் ‘நிராகரிக்கிறோம்’ என்பதற்கும் உள்ள தூரம்தானே இந்தத் தாளின் பாதி. ஆசிரியர் ஒருமுறை படித்துத் திருத்தாமல் வசன வரிகளை வெளியிடக் கூடாது.

பார்வை இல்லாதவருக்கு வேறு தடை. "இங்கே பாருங்கள், இதை இதால் வகுத்தால் இது வரும்" என்று ஆசிரியர் சுட்டுக்குறியால் காட்டிக்கொண்டே போவார். கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. "மாதிரிச் சராசரி 52, அதிலிருந்து 50ஐக் கழித்தால் 2, திட்டப் பிழை 0.8, வகுத்தால் 2.5" என்று வாயால் சொல்லிவிட்டால் போதும். கைபேசியின் சின்னத் திரையில் எண்கள் தெரியாமல் தவிப்பவருக்கும், பேருந்தில் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவருக்கும் இதனால் பயன். இதற்குச் செலவு எதுவும் இல்லை, பழக்கம்தான் வேண்டும்.

கோப்பின் அளவையும் இங்கேயே சொல்லிவிடலாம். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்த 50 நிமிட வகுப்பு சுமார் 375 மெகாபைட். அதே வகுப்பின் ஒலியை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட்டில் எடுத்தால் 12 மெகாபைட். ஒலிக் கோப்பும் ஸ்லைடுகளின் பிடிஎஃப்பும் தனியே கிடைத்தால், இணைய இணைப்பு மோசமாக உள்ளவரும் படித்துவிடுவார். ஸ்ப்ரெட்ஷீட் காட்டும் பகுதிக்குப் படத்தின் தெளிவு முக்கியம், அசைவு முக்கியமில்லை. அதனால் நொடிக்கு எத்தனை சட்டகம் (பிரேம்) என்பதைக் குறைத்துக்கொண்டு தெளிவைக் கூட்டலாம்.

யார் பார்த்தார்கள் என்ற கணக்கு

வீடியோவை ஏற்றியதும் தளம் ஓர் அறிக்கை தரும்: எத்தனை பேர், எவ்வளவு நேரம். இதை வாசிப்பதில் புள்ளியியல் ஆசிரியர்களே தடுக்கி விழுவதுண்டு. பத்துப் பேர் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு பேர் இரண்டு நிமிடத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நான்கு பேர் 50 நிமிடமும் இருந்தார்கள். சராசரி 21.2 நிமிடம். அப்படி 21 நிமிடம் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இடைநிலை அளவு 2 நிமிடம். அதுவும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. முதல் வாரம் நடத்திய பாடமே முன்னால் வந்து நிற்கிறது: பரவலைப் பார்க்காமல் சராசரியை நம்பாதே.

அதைவிடப் பெரிய பொறி, பார்த்தவர்களின் மதிப்பெண்ணைப் பார்க்காதவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது. ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒழுங்காக வகுப்புக்கு வரும் 80 பேரில் 20 பேர் வீடியோவை நிறையப் பார்க்கிறார்கள், அவர்களின் சராசரி 78. மீதி 60 பேரின் சராசரி 74. வகுப்புக்கு வராத 60 பேரில் 50 பேர் வீடியோவை நிறையப் பார்க்கிறார்கள், சராசரி 58. மீதி 10 பேரின் சராசரி 52. இரண்டு பிரிவிலும் வீடியோ பார்த்தவர்களே மேல். இப்போது இரண்டையும் கலந்து கணக்குப் போடுங்கள். நிறையப் பார்த்த 70 பேரின் சராசரி 63.7, அதிகம் பார்க்காத 70 பேரின் சராசரி 70.9. வீடியோ மாணவர்களைக் கெடுக்கிறது என்று துறைக் கூட்டத்தில் தீர்மானம் போட இந்த இரண்டு எண்கள் போதும்!

இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். பாடநூல்கள் இதற்குத் தரும் புகழ்பெற்ற உதாரணமும் பெர்க்லியிலிருந்துதான் வருகிறது. 1973இல் அங்கே முதுநிலைச் சேர்க்கையில் ஆண்களில் 44 சதவீதமும் பெண்களில் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். துறை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் போக்கு தெரியவில்லை. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்ததுதான் காரணம் என்று 1975இல் வெளியான ஆய்வு விளக்கியது. தன் வகுப்பின் வீடியோ அறிக்கையையே பெயர்களை நீக்கிவிட்டு மாணவர்களிடம் ஒரு பயிற்சியாகக் கொடுக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது.

வீடியோ இருந்தால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் தேட வேண்டும். வருகை குறையலாம். குறைந்ததற்கு வீடியோ காரணமா, காலை முதல் வகுப்பு என்பது காரணமா, பாதிப் பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பது காரணமா என்று வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பழசாகும் பகுதி, பழசாகாத பகுதி

மைய எல்லைத் தேற்றம் பற்றி நன்றாக எடுத்த வீடியோ இருபது ஆண்டு கழித்தும் ஓடும். மென்பொருள் பகுதி அப்படியில்லை. எக்செல் 2010இல் திட்ட விலக்கத்துக்கும் இயல்நிலைப் பரவலுக்கும் உரிய சார்புகளுக்குப் புதிய பெயர்கள் வந்தன. பழைய பெயர்களும் வேலை செய்கின்றன. ஆனால் திரையில் ஒன்றும் பாடநூலில் வேறொன்றும் பார்க்கும் மாணவர் குழம்பிப்போவார். புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆரில் இன்னும் நுட்பமான மாற்றம் நடந்தது. 2019இல் வந்த 3.6.0 பதிப்பில், சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் முறையை மாற்றினார்கள். அதற்கு முன் பதிந்த வீடியோவில் ஆசிரியர் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்து, "எல்லோருக்கும் இதே விடைதான் வரும்" என்று சொல்லியிருப்பார். இன்று அதையே அட்சரம் பிசகாமல் அடித்தாலும் வேறு மாதிரிதான் வரும். தன்மேல்தான் தவறு என்று நினைத்து மாணவர் ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருப்பார்.

கருத்தும் சில இடங்களில் பழசாகிறது. பி-மதிப்பு (வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தால் முடிவு எடுத்துவிடலாம் என்று பழைய வகுப்புகள் பல சொல்லிக்கொடுத்தன. 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, அறிவியல் முடிவுகளையோ வணிக முடிவுகளையோ பி-மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. வணிக முடிவுகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டதால், இந்தத் தாளை நடத்துபவர்கள் அதை ஒதுக்கிவிட முடியாது. 2016க்கு முந்தைய வீடியோ கையில் இருந்தால் முதலில் இந்தப் பகுதியைத்தான் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே பதியும்போதே கருத்தை விளக்கும் பகுதியும் மென்பொருளை இயக்கும் பகுதியும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கட்டும். மென்பொருள் வீடியோவின் முதல் ஸ்லைடில் எந்தப் பதிப்பு, எந்த மாதம் என்று எழுதிவிடுங்கள். புதிய பதிப்பு வந்து பட்டன் இடம் மாறினால், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். யூடியூபில் ஏற்றிய வீடியோவின் கோப்பை அதே முகவரியில் மாற்றிவைக்க முடியாது. அதனால் மாணவர்களுக்கு யூடியூப் முகவரியை நேரடியாகக் கொடுக்காமல் பாடப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் இணைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.